எல்லையோர வீட்டுக்கு 55 இன்ச் டிவி: பேனலுக்கு முன்னால் வயரைப் பாருங்கள்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை வழியாகக் கேரளத்துச் சித்தூர் வரைக்கும் உள்ள தோப்பு வீடுகளில் பெரிய டிவிகள் பேனல், அதாவது திரைப்பலகை, மட்டமானதால் மட்டும் மூலைக்குப் போவதில்லை. தென்னை மட்டை விழுந்து மின்கம்பத்து நியூட்ரல் கம்பி அறுந்து போகும். ஐப்பசி இடி, கேரளப் பக்கத்துப் பேச்சில் துலாவர்ஷத்து இடி, கேபிள் வயர் வழியாக வீட்டுக்குள் இறங்கும். இரண்டும் இல்லையென்றால், தெளிவு குறைந்த பழைய எஸ்டி செட்டாப் பெட்டியையே புது டிவியில் மாட்டிவிட்டு ‘இத்தனை காசு கொடுத்தும் படம் கலங்கலாத்தானே இருக்குது’ என்று வீடே புலம்பும்.

அதனால் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த வட்டாரத்து நடுத்தர ஹாலுக்கு 55 இன்ச் 4கே டிவி சரியான வாங்கல். ஆனால் கையில் இருக்கும் மொத்தப் பணத்தையும் பேனலில் கொட்ட வேண்டாம். கண் வைத்த மாடலுக்கு ஒரு படி கீழே எடுத்து, மிச்சமாகிற பத்தாயிரத்தை எச்டி (தெளிவு கூடிய) பெட்டி, வோல்டேஜ் புரொடெக்டர், எர்த், உருப்படியான சுவர் பிராக்கெட் ஆகியவற்றில் போடுங்கள். கடை விற்பனையாளர் இதை ஒருநாளும் சொல்ல மாட்டார். அவருக்கு இன்சென்டிவ் வருவது பேனலில்தான்.

அளவு

55 இன்ச் என்பது மூலைவிட்டம். திரை ஏறக்குறைய 122 செ.மீ. அகலம், 69 செ.மீ. உயரம். 65 இன்ச் 144க்கு 81; 43 இன்ச் 95க்கு 54. வாங்குவதற்கு முன் பழைய செய்தித்தாளை ஒட்டி இந்த அளவில் ஒரு தாள் செய்து சுவரில் பதித்துப் பாருங்கள். ஷோரூம் கூரை உயரத்தில் 55 சின்னதாகத் தெரியும், வீட்டில் அது சுவரையே பிடித்துக்கொள்ளும்.

4கே படத்துக்கு மூலைவிட்டத்தின் ஒன்றரை மடங்கு தூரம் நல்ல கணக்கு. 55 இன்ச்சுக்கு ஏழு அடி, 65க்கு எட்டு அடிக்குச் சற்று மேலே. ஆனால் பார்ப்பதில் பெரும்பங்கு சீரியலும் செய்தியும் என்றால், அதுவும் எஸ்டி சேனலில் என்றால், இந்தக் கணக்கு செல்லாது. எஸ்டி படத்தில் இருப்பது 720க்கு 576 புள்ளிகள். 4கே திரையில் 3840க்கு 2160. அதாவது வந்த ஒரு புள்ளியை இருபதாக இழுத்து நிரப்ப வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்தால் முகமெல்லாம் மொசைக் தரையாகத் தெரியும். அப்படிப்பட்ட வீட்டில் 65 எடுப்பது பணத்தைக் கொடுத்துக் கலங்கலைப் பெரிதாக்குகிற வேலை.

எந்த ரகம்

விலைச்சீட்டில் க்யூஎல்இடி, மினி எல்இடி, ஓஎல்இடி என்று மூன்று பெயர் ஓடும். முதல் இரண்டும் எல்சிடி பேனல்தான், பின்விளக்கில்தான் வித்தியாசம். க்யூஎல்இடியில் நிறத்தைத் தெளிவாக்கும் ஒரு குவாண்டம் டாட் படலம் கூடுதலாக இருக்கும். மினி எல்இடியில் சின்னச் சின்ன விளக்குகள் நிறைய. அவை பகுதி பகுதியாக மங்கி எரியும், அதனால் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி விடும், பின்விளக்கே கிடையாது.

மூன்றில் ஓஎல்இடி படம்தான் அழகு, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் காலை ஆறு மணிக்குச் செய்தி சேனல் போட்டு இரவு வரை அணைக்காத வீட்டுக்கு அது வேண்டாம். மூலையில் நிற்கும் சேனல் லோகோவும் கீழே ஓடும் செய்திப்பட்டையும் நாளடைவில் திரையில் தடமாகப் பதிந்துவிடும், பிறகு போகாது. கதவைத் திறந்து வைத்தே பழகிய ஹாலில் வாசல் வெளிச்சம் அந்தப் பளபளப்பான திரையில் கண்ணாடி போல் விழும். ராத்திரியில் இருட்டில் படம் பார்ப்பவர்களுக்கு மட்டும் ஓஎல்இடி.

மினி எல்இடியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எத்தனை டிம்மிங் ஜோன் (தனித்தனியாக மங்கும் பகுதி)? எண்ணிக்கை குறைவாக இருந்தால் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம் அடிக்கும். மலையாளப் படத்தைத் தமிழ் சப்டைட்டிலோடும் தமிழ்ப் படத்தை மலையாள சப்டைட்டிலோடும் பார்க்கும் வீடுகள் இங்கே ஏராளம், இந்த ஒளிவட்டம் அவர்கள் கண்ணில்தான் முதலில் குத்தும். கடையில் சப்டைட்டிலோடு ஒரு இருட்டுக் காட்சியைப் போடச் சொல்லிப் பாருங்கள்.

சாதாரண எல்இடி எடுப்பதென்றால் பேனல் விஏ ரகமா ஐபிஎஸ் ரகமா என்று கேளுங்கள். விஏயில் கறுப்பு ஆழமாக இருக்கும், ஆனால் ஓரத்தில் உட்கார்ந்தால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ்ஸில் எங்கிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது, இருட்டில் மட்டும் கறுப்பு சாம்பலாகத் தெரியும். சோபாவில் இருவர், பக்கவாட்டில் திண்டில் மூவர், சமையலறை வாசலில் ஒருவர் என்று பார்க்கும் குடும்பத்துக்கு ஐபிஎஸ் நல்லது. விற்பனையாளருக்குப் பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, டிவிக்குப் பக்கவாட்டில் போய் நின்று மனித முகத்தின் நிறத்தைப் பாருங்கள், தெரிந்துவிடும்.

பேனல் 60 ஹெர்ட்ஸா 120 ஹெர்ட்ஸா, அதாவது நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கும் என்பது கேம் ஆடும் பையன் இருக்கும் வீட்டுக்கும் கிரிக்கெட் பைத்தியங்களுக்கும் முக்கியம். ‘மோஷன் ரேட் 240’ என்று அட்டையில் இருப்பது பேனலின் எண் அல்ல, விளம்பர எண். மென்பொருள் என்று பார்த்தால் சாம்சங்கில் டைசன், எல்ஜியில் வெப்ஓஎஸ், சோனியிலும் டிசிஎல்லிலும் கூகுள் டிவி. எது வந்தாலும் பெரிய வித்தியாசமில்லை. 2 ஜிபி ரேம் உள்ள டிவி மூன்றாம் வருடம் தள்ளாடத் தொடங்கும். அப்போது ஒரு ஸ்டிரீமிங் ஸ்டிக் சொருகிக்கொண்டால் போதும், டிவியை மாற்ற வேண்டியதில்லை.

ஓணமா தீபாவளியா, பாலக்காடா பொள்ளாச்சியா

ஜிஎஸ்டி வந்த பிறகு எல்லை தாண்டுவதால் வரி மிச்சமாவதில்லை. கடையில் நின்று வாங்கிக் கையோடு எடுத்துவந்தால் அந்த மாநில ஜிஎஸ்டி. அடுத்த மாநில முகவரிக்கு அனுப்பச் சொன்னால் ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலங்களுக்கு இடையிலான ஜிஎஸ்டி. மொத்தம் ஒன்றுதான். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. வரிக்கு முந்தைய விலை 40,000 என்றால் முன்பு 51,200, இப்போது 47,200. அந்த ஆண்டு திருவோணம் செப்டம்பர் 5இல் வந்ததால், ஓணம் ஆஃபரில் முந்திக்கொண்டவர்கள் பழைய வரியைக் கட்டினார்கள், தீபாவளிக்குக் காத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

வித்தியாசம் வருவது ஆஃபரில். ஓணத்துக்குப் பாலக்காட்டுக் கடைகளிலும், தீபாவளிக்குப் பொள்ளாச்சி, கோவைக் கடைகளிலும் கேஷ்பேக், இலவச சவுண்ட்பார், கூடுதல் வாரண்டி என்று இறங்கும். இரண்டையும் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருப்பது எல்லைக்காரர்களின் வசதி. ஆனால் விலையை மட்டும் பார்த்து ஓடாதீர்கள். பிராண்டின் சர்வீஸ் புகார் பின்கோடு வைத்துத்தான் பிரியும். 642இல் தொடங்கும் வீட்டுக்கு ஒரு மையம், 678இல் தொடங்கும் வீட்டுக்கு வேறு மையம். வாங்குவதற்கு முன் பிராண்டின் இலவச எண்ணுக்குப் போன் போட்டு, உங்கள் பின்கோடைச் சொல்லி, ஆள் எங்கிருந்து வருவார் என்று கேளுங்கள். பக்கத்து ஊர்ப் பெயரைச் சொன்னால் நல்லது. ‘அந்தப் பகுதிக்கு வாரத்துக்கு ஒருமுறை’ என்றால், மூவாயிரம் கூடுதலானாலும் வேறு பிராண்டு எடுங்கள்.

பில்லில் கடையின் ஜிஎஸ்டி எண், மாடல் எண், சீரியல் எண் மூன்றும் இருக்க வேண்டும். அட்டைப்பெட்டி சீரியலும் டிவியின் பின்பக்கச் சீரியலும் ஒன்றா என்று பாருங்கள். பின் லேபிளில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையும் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும். அது இல்லாத மலிவு டிவியைத் தொடவே வேண்டாம்.

வண்டியில் டிவி நின்றபடி வர வேண்டும். படுக்கவைத்துக் கொண்டுவந்தால் நடுவில் வளைந்து பேனல் உள்ளே விரிசல் விடும், வெளியே தெரியாது, கரண்ட் கொடுத்தால்தான் தெரியும். எனவே டெலிவரிச் சீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பிரித்து, ஆன் செய்து, வெள்ளைத் திரையும் கறுப்புத் திரையும் போட்டுப் பார்த்து, அத்தனையையும் போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். உடைந்த பேனலுக்கு வாரண்டி கிடையாது.

சுவர்

55 இன்ச் டிவி 12 முதல் 18 கிலோ வரை இருக்கும். பெரிய எடை இல்லை. ஆனால் இந்தப் பக்கத்துச் சுவர்கள் ஒரே மாதிரி இல்லை. செங்கல் சுவருக்கு டிவியோடு வரும் பிளக்கும் ஸ்குரூவும் போதும். கேரளப் பக்கத்து வெட்டுக்கல் சுவரில் ஹேமர் மோடில் துளைத்தால் ஓட்டை பொடிந்து அகலமாகும். சாதாரண டிரில் மோடில் மெதுவாகத் துளைத்து, பூச்சுக் கனம் போகக் கல்லுக்குள் நன்றாக இறங்குகிற 10 மி.மீ. தடிமன், 100 மி.மீ. நீள ஃபிக்ஸிங் போட வேண்டும். ஹாலோ பிளாக் சுவரில் பிளக் பிடிக்க ஒன்றுமே இல்லை. ஒன்று டாகிள் ஆங்கர், இல்லையென்றால் ஒரு பிளைவுட் பலகையை ஆறேழு இடத்தில் சுவரோடு பிணைத்து அதன்மேல் பிராக்கெட்.

டிவியின் முதுகில் போடும் போல்ட் பெரும்பாலும் எம்6 அல்லது எம்8 (6 அல்லது 8 மி.மீ. தடிமன்). நீளம் தப்பக்கூடாது. நீளமானதை முறுக்கினால் உள்ளே போர்டையோ பேனலையோ அழுத்தும். திரையின் நடு, உட்கார்ந்த நிலையில் கண் மட்டத்துக்கு, தரையிலிருந்து சுமார் 40 இன்ச்சில் இருக்கட்டும். பூஜை அலமாரிக்கு மேலே, ஜன்னலுக்கு மேலே என்று ஏற்றினால் கழுத்துதான் வலிக்கும். வயர்களைச் சுவருக்குள் விட நினைத்தால் ஒன்றரை இன்ச் பைப் போடுங்கள். முக்கால் இன்ச் பைப்பில், படத்தையும் சத்தத்தையும் டிவிக்குக் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ வயரின் தலை நுழையாது. சுவர் பூசி, பெயின்ட் அடித்த பிறகுதான் பல வீடுகளில் இது தெரியவருகிறது.

கரண்ட்

இதுதான் முக்கியமான பகுதி. ஸ்டெபிலைசர் வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். டிவியின் பின் லேபிளைப் படியுங்கள். 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருந்தால், தோப்பு மோட்டார் ஓடும்போது 160க்கு இறங்கினாலும் டிவிக்கு ஒன்றும் ஆகாது. ஆபத்து கீழே இல்லை, மேலே. ஆடிக் காற்றில், அதுவும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றில், மட்டை விழுந்து கம்பத்து நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 240க்குப் பதில் 300, 350 என்று ஏறும். கம்பத்து லைனில் ஒரு பேஸுக்கும் இன்னொரு பேஸுக்கும் இடையில் 415 வோல்ட் இருக்கிறது, நியூட்ரல் போனதும் அது வீடுகளுக்குள் கன்னாபின்னாவென்று பிரிகிறது. அந்தச் சில நொடியில் டிவியின் பவர் போர்டு போய்விடும்.

இதற்கு மருந்து ஸ்டெபிலைசர் அல்ல, ஓவர்–அண்டர் வோல்டேஜ் புரொடெக்டர். மெயின் பாக்ஸில் டின் ரெயிலில் (பிரேக்கர் மாட்டும் உலோகப் பட்டையில்) மாட்டும் 63 ஆம்பியர் ரகம் வீடு முழுவதையும் காக்கும். மேல் வரம்பை 270இல் வையுங்கள். கரண்ட் திரும்பியதும் உடனே கொடுக்காமல் சில நிமிடம் தாமதித்துக் கொடுக்கும்படி அமைத்தால் ஃப்ரிட்ஜுக்கும் நல்லது.

இடிக்கு வேறு ஏற்பாடு. மெயின் பாக்ஸில், திடீரென்று பாயும் மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் டைப் 2 சர்ஜ் புரொடெக்டர், அதற்கு 5 ஓமுக்குள் இருக்கும் எர்த். எர்த் காய்ந்து கிடந்தால் சர்ஜ் புரொடெக்டர் வெறும் அலங்காரம், அதனால் மார்ச், ஏப்ரலில் எர்த் குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். ஸ்பைக் கார்டு பட்டையின் உள்ளே அதிக வோல்டேஜைத் தாங்கிக்கொள்ளும் எம்ஓவி என்ற பாகம், ஒரு பெரிய அடி வாங்கினால் சத்தமில்லாமல் செத்துப்போகும், பிளக் மட்டும் வேலை செய்துகொண்டே இருக்கும். ‘புரொடெக்டட்’ விளக்கு அணைந்திருந்தால் தூக்கிப்போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்.

இத்தனையும் செய்தாலும் இடி வரும்போது பிளக்கைப் பிடுங்கியே ஆக வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கைப் பிடுங்கியவர்களின் டிவியும் எரிகிறது, காரணம் கேபிள் வயர். டிஷ் ஆன்டெனாவிலிருந்தோ தெருக் கேபிளிலிருந்தோ வரும் கோஆக்சியல் வயர் பெட்டிக்குள் நுழைந்து, அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக மெயின் போர்டுக்குப் போகிறது. எனவே பெட்டியின் பின்னாலுள்ள கேபிள் முனையையும் கழற்றி, ஒரு அடி தள்ளிப் போடுங்கள். ஃபைபர் இன்டர்நெட் இருந்தால் கண்ணாடி இழையில் மின்னல் வராது, ஆனால் மோடத்தின் அடாப்டர் வழியாக வந்து லேன் வயரில் டிவிக்குத் தாவும். ஸ்டிரீமிங்குக்கு வைஃபையே போதும், லேன் மாட்ட வேண்டாம். கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தன் மின்னல் எச்சரிக்கைகளில் மதியம் 2 மணி முதல் இரவு 10 வரை கவனமாக இருக்கச் சொல்கிறது. ஐப்பசி, கார்த்திகையிலும் சித்திரை, வைகாசியிலும் வெளியூர் போகும்போது கழற்றிவிட்டே போங்கள்.

எச்டிஎம்ஐ வயரை டிவி, பெட்டி இரண்டும் அணைந்த நிலையில்தான் மாட்ட வேண்டும். டிவியிலும் பெட்டியிலும் இரண்டு பின் பிளக் என்றால் அவற்றின் உலோகப் பகுதியில் லேசான மின்கசிவு நிற்கும், தொட்டால் ஜிவ்வென்று இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது சொருகினால் அந்தக் கசிவு எச்டிஎம்ஐ போர்ட்டைத் தின்றுவிடும்.

செலவைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. சராசரியாக 100 வாட், தினம் ஆறு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். கேரளத்தில் மாதம் 250 யூனிட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் வீடு மட்டும் கவனிக்கவும். அதைத் தாண்டினால் எல்லா யூனிட்டுக்கும் ஒரே உயர் கட்டணம் விழும்.

சிக்னலும் செட்டிங்கும்

எஸ்டி பெட்டியை எச்டி பெட்டியாக மாற்றுவதுதான் இந்த மொத்தச் செலவில் அதிகப் பலன் தருவது. மாற்றிய பிறகு பெட்டியின் செட்டிங்கில் அவுட்புட்டை ‘1080i’ என்று வைக்கவும். பல பெட்டிகள் 576இலேயே கிடக்கும். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஆர்சிஏ வயரில் எச்டி வராது, எச்டிஎம்ஐதான். தமிழ், மலையாளம் இரண்டும் வேண்டும் என்றால் ஒரு மொழி பேக்கை எடுத்து, அடுத்த மொழியில் பார்க்கிற நாலைந்து சேனலைத் தனித்தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேக் எடுப்பதைவிட அநேகமாக மலிவாக முடியும்.

நெட்ஃபிளிக்ஸ் 4கேக்கு 15 எம்பிபிஎஸ் வேகம் கேட்கிறது, மணிக்கு ஏறக்குறைய 7 ஜிபி போகும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் 4கே பார்க்க நினைக்காதீர்கள்.

பிக்சர் மோடில் ‘விவிட்’ என்பது கடைக்கானது. ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ என்று மாற்றுங்கள். முதல் இரண்டு நாள் மஞ்சளாகத் தெரியும், பிறகு அதுதான் சரியான நிறம் என்று கண்ணுக்குப் புரியும். அசைவை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள், சினிமாவை சீரியல் மாதிரி ஆக்குவது அதுதான். பேக்லைட்டை (பின்விளக்கை) 60க்கு இறக்குங்கள். கண்ணுக்காக மட்டும் சொல்லவில்லை, எல்சிடி டிவியின் ஆயுள் அதில்தான் இருக்கிறது.

எது கெடும்

சத்தம் வருகிறது, படம் இல்லை என்றால் விளக்கை அணைத்துத் திரையில் டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் அசைந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, பேக்லைட் பட்டைதான் போயிருக்கிறது. எல்இடிகள் தொடராக இணைந்திருப்பதால் ஒன்று அறுந்தாலும் வரிசையே அணையும். அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் பக்கத்தில் உள்ளது போகும். முழு செட்டையும் மாற்றச் சொல்லுங்கள். 55 இன்ச் பேனலைத் தூக்க இரண்டு பேரும் சக்ஷன் கப்பும் வேண்டும். ஒற்றை ஆளாக வரும் மெக்கானிக்கைத் திறக்க விடாதீர்கள்.

நெடுக்குக் கோடு விழுந்தால் பேனல் ஓரத்து ரிப்பன் பிணைப்பு விட்டிருக்கிறது. ஆடி ஈரத்தில் நனைந்த வெளிச்சுவரில் ஒட்டினாற்போல் மாட்டிய டிவிக்கு இது சீக்கிரம் வரும், ஆகவே பின்னால் இரண்டு இன்ச்சாவது காற்று போகட்டும். வாரண்டிக்குப் பிறகு பேனல் விலை டிவி விலையில் பாதிக்கு மேல் வரும், அந்தச் செலவு வீண்.

மஞ்சி (தேங்காய் நார்) மில் பக்கத்து வீடுகளில் நார்த்தூள் வென்ட்டில் அடைக்கும். மாதம் ஒருமுறை மெல்லிய பிரஷால் தட்டிவிட்டால் போதும், ஊதுகுழாய் வைத்து உள்ளே தள்ளாதீர்கள். பல்லி உள்ளே போனால் பவர் போர்டில் ஷார்ட் ஆகும். திரைக்குள் ஒரு கடுகளவு பூச்சி நகர்ந்தால் விரலால் அழுத்தவே கூடாது. நசுங்கினால் அது அங்கேயே கறுப்புப் புள்ளியாக நிலைத்துவிடும். கொஞ்ச நேரம் டிவியை அணைத்து, வேறு இடத்தில் விளக்குப் போட்டால் அதுவே வெளியேறும். துடைக்க உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும். கண்ணாடி துடைக்கும் நீல திரவம் மேல்பூச்சை உரித்துவிடும்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுப்பதென்றால் பிராண்டே தருவதை எடுங்கள். கடை தரும் திட்டம் பல நேரம் வேறொரு இன்சூரன்ஸ் கம்பெனியுடையது, போன் எடுக்க ஆள் இருக்காது. எதிலும் இடி, ஓவர் வோல்டேஜ் சேதம் அடங்குகிறதா என்று எழுத்தில் பாருங்கள், பெரும்பாலும் அடங்காது. தகராறு வந்தால் முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாங்கிய கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பாலக்காட்டில் வாங்கிய டிவிக்குக் கோவையிலும், பொள்ளாச்சியில் வாங்கியதற்குப் பாலக்காட்டிலும் போடலாம். பில், சீரியல் எண், பிரித்தபோது எடுத்த வீடியோ, சர்வீஸ் ஆள் எழுதிக்கொடுத்த ஜாப் ஷீட் (வேலைச் சீட்டு) நான்கும் கையில் இருக்க வேண்டும். ஜாப் ஷீட்டைக் கேட்காமல் யாரும் தர மாட்டார்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.